ஸ்கேல் சார் வீட்டுப் புல்தரை

ஸ்கேல் சாரின் மனைவி வீட்டு முன்புறப் புல்தரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போன பிறகு, அவள் நின்ற இடத்தில் புல் இரண்டு பாதங்களின் வடிவத்தில் எரிந்து மஞ்சளாகியிருந்தது. விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. குதிகால் பக்கம் மஞ்சள் அடர்த்தியாக இருந்தது. நடுப்பாதம் வளைந்து மண்ணைத் தொடாத இடத்தில் மட்டும் பழைய பச்சை மிச்சமிருந்தது. அன்று வியாழக்கிழமை, வெயில் சுமார். காய்கறிக் கடையிலிருந்து திரும்பியவள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் பையைக் கையில் பிடித்தபடியே புல்லில் போய் நின்றிருந்தாள். பையிலிருந்த தக்காளி, சமைக்க எடுத்தபோது ஏற்கெனவே பாதி வெந்திருந்தது. தக்காளி விலை அந்த வாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்தக் குடியிருப்பில் ஐந்து தெருக்கள். எல்லா வீட்டுக்கு முன்னாலும் ஒரே அளவில் புல்தரை உண்டு; எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அதைப் பற்றி ஒரே அளவில் கவலையும் உண்டு. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்போர் சங்கத்தின் புல்தரைக் குழு வீடு வீடாக வந்து பார்க்கும். எந்த வீட்டுப் புல் நன்றாக இருக்கிறதோ அந்த வீட்டு கேட்டில் ஓர் இரும்புப் பலகையை மாட்டிவிட்டுப் போகும். அடுத்த வருஷம் வரை அந்த வீட்டுக்காரர் காலை நடையில் மற்றவர்களைவிட மெதுவாக நடப்பார். குழுவுக்குத் தலைவர் ஸ்கேல் சார். சட்டைப் பையில் ஓர் எவர்சில்வர் ஸ்கேல் வைத்திருந்து, கண்ட இடத்தில் குனிந்து புல்லின் உயரம் பார்ப்பதால் வந்த பெயர். பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கும் பிரிவுக்கு அவர்தான் மேலாளர். மற்றவர்கள் பச்சை என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் அவர் பதினெட்டுப் பச்சை பார்ப்பார். தலைவர் என்பதால் போட்டியில் அவர் வீடு சேராது. ஆனால் குழு முதலில் அவர் வீட்டுப் புல்லைத்தான் வந்து பார்க்கும், கண்ணைப் பழக்கிக்கொள்ள.

யார் வீட்டுப் புல் நிறம் மாறினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வந்து குந்தி உட்காருவார். வைக்கோல் நிறத்தில் வட்டம், ஓரத்தில் மட்டும் கரும்பச்சை என்றால் நாய் சிறுநீர். அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டும். நுனி கிழிந்து சாம்பலாக வெளுத்தால் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிட்டது. சாணை பிடிக்க வேண்டும், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பட்டை பட்டையாக மஞ்சளடித்தால் உரத்தைச் சீராகத் தூவவில்லை. நரம்பு பச்சையாக இருந்து இடையில் வெளிறினால் இரும்புச் சத்துக் குறைவு. செருப்பில் ஆரஞ்சுத் தூள் ஒட்டினால் துரு நோய். பிடித்து இழுத்ததும் பாய் மாதிரி கையோடு வந்தால் அடியில் புழு வேரைத் தின்கிறது. அவர் சொல்லி ஒன்றும் தப்பியதில்லை. வெயில் எந்தப் பக்கம், தண்ணீர் காலையிலா மாலையிலா, உரம் எவ்வளவு, நாய் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார். இந்த இடத்தில் யார் வந்து நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று அவர் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்பும், பிறகு சில வருஷங்களும், பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். கோச் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாத பிள்ளை கிடையாது. மகள் பிறந்தபோது ஆறு மாதம் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. யார் முடிவு செய்தார்கள் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். ஆறு மாதம் பத்து வருஷமாயிற்று. பால் மறக்கட்டும், பள்ளிக்கூடத்தில் சேரட்டும், மூன்றாம் வகுப்பு தாண்டட்டும் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் வந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அவள் சண்டை போடவில்லை. காத்திருந்தாள். குளிக்கும்போது வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சடக்கிப் பழகுவதை மட்டும் ஒருநாள்கூட விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நீந்த வைத்தவளின் சொந்த மகளுக்கு நீச்சல் தெரியாது. சளி பிடிக்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வியாழக்கிழமை காய்கறிக் கடையில், முன்பு அவளுக்கு உதவியாளராக இருந்த பெண் எதிரே வந்தாள். இப்போது குளத்துக்கு அவள்தான் பொறுப்பு.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களுக்காக யாரையும் போடாம எவ்வளவு நாள் வச்சிருந்தேன் தெரியுமா?"

"எதுக்கு?"

"தலைமைக் கோச் வேலைக்குத்தான். உங்க புது நம்பர் இல்ல, வீட்டு நம்பருக்கு அடிச்சேன். சார் எடுத்தார். உங்களுக்கு இப்ப அதுல ஆர்வமே இல்ல, தண்ணியைப் பார்த்தாலே தலைவலி வருதுன்னு சொன்னார். உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றாராக்கும்னு வேற ஆளைப் போட்டுட்டேன்."

கோச் அக்கா தக்காளியை எடை போட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அன்று ஆறு மணிக்கு, வழக்கம்போல் கணவரின் முன்னால் டீயை வைத்துவிட்டு, தனக்கு யாராவது போன் செய்தார்களா என்று கேட்டாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்லையே, உனக்கு யாரு பண்ணப் போறா" என்றார். அவள் மறுபடி புல்லுக்குப் போனாள். விடிந்தபோது பாதங்கள் வாசலிலிருந்து கேட் வரை போய்த் திரும்பி வந்திருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தவர், அந்த மஞ்சளைப் பார்த்த மாத்திரத்தில் அது யாருடைய கால் என்று தெரிந்துகொண்டார். பதினான்கு வருஷமாக அந்தக் காலுக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கிறவர், ஏழாம் நம்பர். என்ன காரணம் என்பதும் தெரியும். போனில் அந்தப் பொய்யைச் சொன்னபோது தன் குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்று அவருக்கே ஒரு வியப்பு இருந்தது. அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவர். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர். தலைமைக் கோச் என்றால் மாலை வகுப்பும் உண்டு. அவருக்கு ஆறு மணிக்கு டீ வேண்டும், கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு டம்ளர் டீக்காக ஒரு பெண்ணின் பத்து வருஷத்தை, அவளைக் கேட்காமலே, போனை வைக்கிற நேரத்தில் முடித்துவிட்டார். தெரிந்தும், பல் துலக்கி முடித்துவிட்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்.

முதல் குற்றவாளி பக்கத்து வீட்டு நாய். பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். நாய் கிழடு, ஒன்றுக்குப் போகக்கூட ஆள் துணை வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்கேல் சார் சத்தம் போட்டார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சார், என் நாய் ஒண்ணுக்குப் போனா வட்டமா வரும். அஞ்சு விரலோட வராது."

"நாய் வச்சிருக்கவங்க இப்படித்தான் பேசுவாங்க."

"பொண்டாட்டி வச்சிருக்கவங்க எப்படி சார் பேசுவாங்க?"

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஸ்கேல் சார் குழாயைத் திறந்துவிட்டு அன்று முழுக்க மஞ்சளைக் கழுவினார். மாலையில் புல் லேசாகப் பச்சை கட்டியது. அடுத்த வாரம் ஆறு மணிக்கு அவள் அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். அவர் அதே பதிலைச் சொன்னார், இந்த முறை கொஞ்சம் சிரித்துக்கொண்டு. காலையில் தரை முழுக்க நுனி கிழிந்து சாம்பல் நிறமாகியிருந்தது, யாரோ பல்லால் கடித்து இழுத்த மாதிரி. அவர் பிளேடைக் கழற்றிச் சாணை பிடித்தார். மண் இறுகிவிட்டது என்று முள்கரண்டிபோன்ற கருவியால் தரை முழுக்கக் குத்தித் துளை போட்டார். துளைகளிலிருந்து சூடான காற்று வந்தது. குத்திக் குத்திக் கை காய்த்துவிட்டது. இரும்புச் சத்துக் கரைசலைத் தெளித்தார். உரத்தைப் பாதியாகக் குறைத்து நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை தூவினார். தண்ணீர் விடுவதை மாலையிலிருந்து விடிகாலைக்கு மாற்றினார், இரவு ஈரம் நின்றால் பூஞ்சை வரும் என்று. எல்லாம் சரியான வைத்தியம். வேறு எந்த வீட்டிலும் பலித்திருக்கும். மூன்றாவது தடவை அவள் கேட்டு அவர் இல்லையே என்றபோது, புல் முழுக்க ஆரஞ்சுத் தூள் பூத்தது. அந்தத் தூள் பிள்ளைகள் காலில் ஒட்டவில்லை, தபால்காரர் காலில் ஒட்டவில்லை. அவர் பூட்ஸில் மட்டும் ஒட்டியது. தொழிற்சாலையில் அவர் நடந்த வழியெல்லாம் தடம் விழுந்தது. துடைக்கிற பெண் அவர் அறைவரை துடைத்துக்கொண்டே வந்து, வாளியை அவர் மேஜை பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

மகள் பத்து வயதுக்காரி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவாள். ஒருநாள் அந்தப் பாதங்களில் தன் காலை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, இது அம்மா கால்தானே?"

"பூஞ்சைம்மா. கிட்டப் போகாதே."

"பூஞ்சைக்கு சுண்டு விரல் இருக்குமா?"

அவளுக்கு வீட்டுப் பாடம் இருக்கிறது என்று அவர் ஞாபகப்படுத்தினார்.

சனிக்கிழமைகளில் ஸ்கேல் சாரின் அக்கா வருவாள். தம்பி மேல் உயிர். தம்பி செய்த எதையும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செய்வதற்கு முன்பே அவள் சரி என்று சொல்லிவிடுவாள். புல்லைப் பார்த்தாள், நாத்தனாருக்கு உரிய பார்வையில் சமையலறையையும் பார்த்தாள். "உனக்கு என்னம்மா குறை வச்சான் எந்தம்பி? வீடு இருக்கு, வாசல் இருக்கு. வேலைக்குப் போறவளெல்லாம் எப்படா வீட்ல உட்காருவோம்னு அழறா" என்றாள். கோச் அக்கா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உட்கார்ந்து பாருங்க அண்ணி, பத்து வருஷம்" என்றாள். அன்று அடித்தண்டு வரை புல் வெள்ளையாகி, கை வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. அக்கா தன் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து போய், தெருமுனையிலிருந்தே, அடுத்த வாரம் வர முடியாது என்று தகவல் அனுப்பினாள்.

கோபத்தில் அவள் கத்தியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் வீட்டில் கத்தித் தீர்க்கிறவர்கள், கத்தினால் கேட்க ஆள் இருக்கிறவர்கள். அவள் கேள்விதான் கேட்டாள். உண்மையைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எத்தனை கதவு திறந்து வைக்கலாமோ அத்தனையும் திறந்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். சாத்திவிட்டு, மண்ணில் அமிலம் கூடிவிட்டதா என்று பார்க்கச் சுண்ணாம்பு வாங்கினார்.

குழு வருகிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. சனிக்கிழமை காலை அவர் தொழிற்சாலையிலிருந்து இரண்டு டின் கொண்டுவந்தார். மழைக்குப் பிறகான புல்லின் நிறம். அவரே உட்கார்ந்து கலந்தது. ஸ்பிரே இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, மஞ்சள், சாம்பல், ஆரஞ்சு, வெள்ளை எல்லாவற்றின் மேலும் அடித்தார். மதியத்துக்குள் அந்த ஐந்து தெருக்களில் அவ்வளவு அழகான புல்தரை வேறு கிடையாது. ஒரு பூச்சிகூட அதில் உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து மனைவியிடம், முதல் தடவையாக அந்த விஷயத்தைத் தொட்டுப் பேசினார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் புல்லுல கால் வைக்காதே. பின்பக்கமா போய்க்கோ."

"ஏன்?"

"நாலு பேர் வர்ற இடம். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

அவள் நான்காவது தடவையாக, கடைசித் தடவையாக, தனக்கு யாராவது போன் செய்தார்களா என்று கேட்டாள். அவர் எரிச்சலோடு, எத்தனை தடவை சொல்வது, இல்லை என்றார். பச்சைக் கறை அவர் நகக்கண்ணில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மருந்துக் கடைக்காரர், இன்னும் இரண்டு பேர். பல் டாக்டரும் வேலி ஓரமாக, நாயைத் தூக்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்து நின்றார். கணக்கு வாத்தியார் குனிந்து பார்த்து, சார் சார்தான் என்றார். மற்றவர்கள் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். அப்போது முன்கதவு திறந்தது. கோச் அக்கா செருப்பில்லாமல் படியிறங்கி நேராகப் புல்லில் நடந்தாள். நடுவில் நின்றாள். அவள் குரலை அந்தத் தெரு அவ்வளவு நாள் கேட்டதே இல்லை. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

"என்னை வேலைக்குக் கூப்பிட்டாங்க. நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. எனக்குத் தண்ணியைப் பார்த்தா தலைவலிக்குதாம். எனக்கு. உங்ககிட்ட நான் அதைக் கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க புல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

அவள் காலைச் சுற்றிப் பெயின்ட் வெடித்தது. பாலில் ஆடை சுருங்குவது போலப் பச்சை முழுக்கச் சுருண்டு ஓரத்துக்கு ஒதுங்கியது. அடியில் இருந்த புல் நீலமாக இருந்தது. வெளிர் நீலம், அடியில் ஓடு பதித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நெடுக்காக நான்கு கோடுகள் ஓடின. கோச் அக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள், முழங்கால் வரை இறங்கியது. அடுத்த அடிக்கு இடுப்பு. பிறகு அவள் தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டாள். குழு காத்திருந்தது. நாய் ஒரு தடவை குரைத்தது. கேட் பக்கத்தில் புல்லை விலக்கிக்கொண்டு அவள் தலை வெளியே வந்தது, மூச்சு வாங்கவே இல்லை. திரும்பி, கையை வீசிப் போட்டு, வாசல்வரை நீந்தினாள். புல் அவள் பின்னால் அலையாக எழுந்து, படியில் மோதி, ஸ்கேல் சாரின் பூட்ஸை நனைத்தது.

"இது என்ன கோளாறு சார்?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார். கிண்டலாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருபது வருஷமாக அவரிடம்தானே கேட்கிறார்கள்.

வடிகால் சரியில்லை என்று ஸ்கேல் சார் ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரர் தலையாட்டினார். டாக்டர் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். மகள் வாசற்படியில் நின்று அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள்போல, அது வந்துவிடக் கூடாது என்று நினைப்பவள்போல. அவர் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்த ஸ்கேலைத் தொட்டார், விட்டார்.

"வடிகால் இல்ல. நான்தான். இவளுக்கு வந்த வேலையை இவளைக் கேக்காம வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் இவ கேட்டப்ப மூணு தடவை பொய் சொன்னேன்."

"நாலு" என்றாள் கோச் அக்கா புல்லுக்குள்ளிருந்து.

"நாலு தடவை" என்றார் அவர்.

அவர் மன்னிப்புக் கேட்டார். அது கொஞ்சம் தாமதம் என்பது அவருக்கே கேட்டது. அவள் கரைக்கு வந்து, படியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, டவல் எடுத்துட்டு வாங்க என்றாள். அவர் ஓடிப் போய் எடுத்து வந்து நீட்டினார். அதை அவள் வாங்கிப் படியில் வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டாள். மகள் கவுனோடு இறங்கினாள். முதல் நாள் மூக்கில் புல் ஏறி அழுதாள். கோச் அக்கா அவள் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, காலை உதை, இன்னும் உதை என்று சொல்லிக்கொண்டே கேட் வரை கூட்டிப் போனாள். குழு மற்ற வீடுகளைப் பார்க்கப் போய்விட்டது. அந்த வருஷம் பலகை ஐந்தாம் தெருவுக்குப் போனது.

அதற்கடுத்த வருஷம் குளத்தில் தலைமைக் கோச் வேலை மறுபடி காலியானது. போன் அடித்தபோது எடுத்தது அவளேதான். காலையும் மாலையும் குளத்துக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில், குளத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லித் தருகிறாள். ஸ்கேல் சார் ஆறு மணி டீயை அவரே போட்டுக்கொள்கிறார். முதல் சில மாதங்கள் அதை டீ என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார், நாய் செத்தபோது. சாரின் அக்கா வருகிறாள், பின்பக்கமாக. கோச் அக்காவின் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. சில சமயம் பாத்திரம் கழுவும்போதோ, அவர் டீயை உறிஞ்சும் சத்தத்திலோ, அந்தப் பத்து வருஷமும் திரும்பி வந்துவிடும். அப்போது ஓரத்தில் ஒரு முழத்துக்குப் புல் மஞ்சளாகும். அவர் அதற்கு உரம் போடுவதில்லை, தண்ணீர் விட்டுக் கழுவுவதும் இல்லை. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவள் வேண்டுமானால் வந்து பேசுவாள், இல்லாவிட்டால் இல்லை. மஞ்சள் சில நாளில் போகும், சிலது மாதக்கணக்கில் இருக்கும்.

நீலப் புல்லும் மற்றப் புல்லைப் போலத்தான் வளர்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் எல்லாரும் கரையேறிவிட்டார்களா, அடியில் யாராவது மூச்சடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கிறார்களா என்று குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, ஸ்கேல் சார் புல் வெட்டுகிறார்.